கைக்குத் தெரியாத பெட்டி

டொக்டொக்காரர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உட்கார நாற்காலி தேட மாட்டார். ஸ்பீக்கர் பெட்டி எங்கே என்றுதான் கண் அலையும். கண்டுபிடித்ததும் நேரே போய், விரலை மடக்கி அதன் விலாவில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட இப்படித் தட்டித் தொலைத்து, திரும்பி வரும் வழியெல்லாம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அந்தப் பழக்கத்துக்குத் தெரு வைத்த பெயர்தான் டொக்டொக்காரர். அவருக்கும் அதில் ஒன்றும் வருத்தமில்லை.

ஸ்பீக்கர் பெட்டிகளின் நடுக்கத்தை எடுப்பது அவருடைய தொழில். இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல காது வாய்க்கவில்லை, அவ்வளவுதான். ஸ்பீக்கரில் இருக்கும் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்துதான் நமக்குப் பாட்டு வருகிறது. அந்த அசைவு சுற்றியுள்ள பலகைக்கும் ஏறிவிட்டால், பலகை தன் பங்குக்கு ஒரு சத்தத்தைக் கிளப்பும். பாடுகிறவர் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டே நிற்கிற மாதிரி இருக்கும். டொக்டொக்காரருக்கு அது அறவே ஆகாது.

"கூம்பு பாடணும், பெட்டி வாய மூடிட்டு இருக்கணும். ரெண்டும் சேர்ந்து பேசினா அது பாட்டு இல்ல, சண்டை" என்பார்.

வீட்டின் கீழ்த்தளத்தில் ஷட்டர் போட்ட ஓர் அறைதான் பட்டறை. அங்கே பெட்டியின் முதுகைத் திறந்து, ஒரு விலாவுக்கும் மறு விலாவுக்கும் நடுவில் குறுக்குக் கட்டை கொடுத்து ஒட்டுவார். பலகையின் உள்முகத்தில் தார் ஷீட்டைச் சூடுகாட்டி அப்புவார். அதற்கும் அடங்காத பெட்டியாக இருந்தால் உள்ளே இன்னொரு பலகை வைத்து, இரண்டுக்கும் இடையே காயவைத்துச் சலித்த மணலைக் கொட்டி அடைத்துவிடுவார். வேலை முடிந்ததும் பெட்டிக்கு உரியவரை வரவழைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றி, பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைக்கச் சொல்வார்.

"கைக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியலையே சார்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனுஷன் உயிரைக் கொடுத்தார். அதைக் கேட்டதும் உச்சி குளிர்ந்து போகும். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டார்.

இப்படி ஊர்ப் பெட்டிகளையெல்லாம் வாயடைத்தவர், தன் வீட்டுப் பெட்டிகளை மட்டும் தொடவே இல்லை. கல்யாணமான புதிதில், தொழில் தெரியாத காலத்தில், மெல்லிய ஒட்டுப்பலகையை வாங்கி மனைவிக்கென்று இரண்டு பெட்டி செய்து கொடுத்திருந்தார். அவைதான் கூடத்து ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் இன்னும் நின்றன. பாட்டு போட்டால் கிடுகிடுவென்று ஆடும். யாராவது பார்த்தால் மானம் போகும் என்று விருந்தாளி வரும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுவார். சரி செய்ய வேண்டும், சரி செய்ய வேண்டும் என்று சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அவர் மனைவிக்குப் பாட்டு என்றால் பைத்தியம். மாலை வேலை எல்லாம் முடிந்ததும் வலது பக்கப் பெட்டியை ஒட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை அதன் விலாவில் வைத்துக்கொண்டு கேட்பாள். முட்டி வலி, ஏதோ பிடிமானத்துக்குக் கை வைத்திருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பழைய பாட்டுகள்தான் எப்போதும். கேசட் தேய்ந்து தேய்ந்து பாடகர்களுக்கே வயதாகிவிட்டது என்று கேலி செய்வார்.

"அவங்களுக்கு மட்டுமா ஆச்சு? கண்ணாடியில போய்ப் பாருங்க" என்பாள்.

அவளுக்குக் காது மந்தமாகத் தொடங்கியபோது முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவர் கோபித்துக்கொண்டதும் உண்டு. பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். வேறு ஊரில் இருந்த மகள், காதில் மாட்டும் கருவி ஒன்றை அனுப்பினாள். அது குக்கர் சத்தத்தையும் லாரி சத்தத்தையும் சேர்த்து மண்டைக்குள் கொட்டுகிறது என்று மனைவி கழற்றி வைத்தவள்தான், மறுபடி மாட்டவில்லை. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பாதிக்கு மேல் புரிந்துகொள்வாள்.

கடைசியாகப் போனபோது காது மருத்துவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. சத்தமா பேசறதைவிடத் தெளிவா பேசுங்க. தெளிவா வந்தா கொஞ்சமாவது பிடிச்சுக்குவாங்க."

மிச்சம் கொஞ்சம், தெளிவு வேண்டும் என்ற இரண்டும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டொக்டொக்காரர் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. கூடத்தில் நுழைந்ததும் அந்த இரண்டு பெட்டிகளும் கண்ணில் பட்டன. அவருக்குத் தன்மீதே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஊராருக்கெல்லாம் சுத்தமான சத்தம் கொடுத்துவிட்டு, கட்டியவளுக்கு ஆயுசு பூராவும் ஆடுகிற பெட்டியைக் கொடுத்திருக்கிறோமே என்று நொந்துகொண்டார். காது மிச்சமிருக்கும்போதே அவள் ஒரு தடவையாவது பாட்டை உள்ளபடி கேட்டுவிட வேண்டும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

காது இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்பதற்கு அவரிடம் ஒரு சாட்சியும் இருந்தது. அவள் மேஜையில் சாய்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மேஜையை இரண்டு தட்டு தட்டினால் திரும்பிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் திரும்புவாள். அந்தத் தைரியத்தில்தான் வேலையைத் தொடங்கினார்.

முதலில் வலது பெட்டி. வாடிக்கையாளர் வேலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் கைவரிசை முழுவதையும் அதில் காட்டினார். குறுக்குக் கட்டைகள், தார் ஷீட், இரட்டைப் பலகை, மணல் என்று ஒன்றையும் விடவில்லை. தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது இடுப்பு விட்டுப்போனது. வைத்து, பாட்டைப் போட்டு, தானே தட்டிப் பார்த்தார். கருங்கல்லைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

அவள் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்தாள். கையை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து முக்காலியை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி, இடது பெட்டியை ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

இதைப் பார்த்து மனுஷன் என்ன புரிந்துகொண்டார் தெரியுமா? நல்ல பெட்டியின் சத்தம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால்தான் முழுசாகக் கேட்கும். அது தெரிந்து தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று. என்ன ஒரு ரசனை என்று பூரித்துப்போனார். ஒரு பெட்டி இப்படி, இன்னொன்று அப்படி இருந்தால் எப்படி என்று மறுநாளே இடது பெட்டியையும் பட்டறைக்கு இறக்கிவிட்டார். இறக்கும்போது அவள் படிக்கட்டு வரை கூடவே வந்தாள்.

"இது இப்படியே இருக்கட்டுமேங்க" என்றாள்.

"ஒரு வாரம் பொறுத்துக்க. அப்புறம் பாரு" என்றார்.

அவள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். இடையில் டீ கொடுக்க இறங்கி வரும்போதெல்லாம், பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள்.

இரண்டாவது பெட்டியும் தயாராகி மேலே வந்தது. அன்று அவர் சட்டைகூட மாற்றிக்கொண்டார். அவளுக்குப் பிடித்த பாட்டைத் தேடிப் போட்டு, சத்தத்தை ஏற்றி, அவளை முக்காலியில் உட்காரவைத்தார். வாடிக்கையாளரிடம் செய்கிற மாதிரியே அவள் கையைப் பிடித்துப் பெட்டியின் விலாவில் வைத்தார்.

"கைக்கு ஏதாச்சும் தெரியுதா?" என்று உதடு விரியக் கேட்டார்.

கையை மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள்.

"ஒண்ணும் தெரியலைங்க" என்றாள்.

சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. அவருக்கும் நிறைந்தது. நல்லா இருக்கா என்று கேட்டார். ரொம்ப நல்லா இருக்கு என்றாள். அன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அதன் பிறகு அவள் முக்காலி பக்கம் போகவில்லை. மாலையில் பாட்டு போட்டால் வேறு ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். மடித்த துணியையே பிரித்து மடிப்பாள். கேட்டால் தலைவலி என்பாள். பேச்சும் குறைந்துவிட்டது. வீடு முழுக்கச் சுத்தமான பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், கேட்க ஆளில்லாமல். சீக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று டொக்டொக்காரர் பயந்துபோனார். மருத்துவரிடம் போகலாம் என்றால், எனக்கு என்ன கேடு என்று மழுப்பிவிடுவாள்.

ஒரு நாள் பக்கத்துத் தெரு வாத்தியார் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அட்டை மாதிரி மெல்லிசுப் பலகை. பட்டறை ஆம்ப்ளிஃபயர் கருகிப்போயிருந்ததால் அதை மேலே கூடத்துக்குத் தூக்கி வந்து மாட்டி, பாட்டைப் போட்டார். எங்கே நடுங்குகிறது என்று தேடுவதற்கு ஸ்குரூடிரைவர் வேண்டியிருந்தது. கீழே போய் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளும் வாத்தியார் பெட்டியின் மேல் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு, இருட்டில் ஒருவர் முகத்தைத் தடவி இன்னார் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிற மாதிரி, பலகையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ பாடறாங்க. யாருன்னு தெரியலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காது மந்தமானதிலிருந்து அவள் முணுமுணுப்பே உரக்கத்தான் வரும்.

டொக்டொக்காரர் ஸ்குரூடிரைவரைப் படியிலேயே வைத்துவிட்டார். உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். அவள் கண்ணைத் திறந்து, திருடி அகப்பட்டவள் போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"கையாலதான் கேக்கறியா?" என்றார்.

தலையாட்டினாள்.

"எப்போலேர்ந்து?"

"எப்போலேர்ந்துன்னு சொல்ல? காது மங்க மங்கப் பெட்டியில கைய வெச்சுக்கிட்டேன். முதல்ல காதுல பாதி, கையில பாதி. அப்புறம் கையிலதான் முக்காவாசி. ஆம்பளைக் குரல்னா உள்ளங்கையில அதிரும். பொம்பளைக் குரல்னா விரல்ல. வயலின்னா நுனியில லேசா கூசும். காது எப்ப முழுசா போச்சுன்னு எனக்கே தெரியாதுங்க. பாட்டு நிக்கவே இல்லையே."

"மேஜையத் தட்டினா திரும்பினியே?"

"முழங்கை மேஜைமேல இருந்துச்சு."

மனுஷனுக்கு இருந்த ஒரே சாட்சியும் அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? முதல் பெட்டிய முடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அதான் இன்னொண்ணு இருந்துச்சே. அது போதும்னு இருந்தேன். அதையும் தூக்குவீங்கன்னு நான் கண்டேனா?" என்றாள். "ஊர்ல ஆடற பெட்டிய எல்லாம் திட்டித் தீக்கற மனுஷன் கிட்ட, ஆடறதுதாங்க எனக்குப் பாட்டுன்னு எப்படிச் சொல்றது? சொன்னா காது போனதையும் சொல்லணும். டீ கொண்டாந்தப்ப பாத்தேன். பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நீங்க பாடிட்டு இருந்தீங்க. வாய் அசைஞ்சுது. அவ்ளோ சந்தோஷமா உங்களப் பாத்து ரொம்ப நாளாச்சு. எனக்கு மனசு வரல."

ஒண்ணும் தெரியலைங்க என்று அவள் அன்றைக்குச் சொன்னது அவருக்கு இப்போதுதான் காதில் விழுந்தது. எத்தனையோ பேர் வாயால் கேட்டுக் குளிர்ந்த வார்த்தை. பாவி அவள் இல்லை, நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மறுநாளே இரண்டு பெட்டிகளையும் பட்டறைக்கு இறக்கினார். மணலைக் கொட்டினார். தார் ஷீட்டைச் சுரண்டினார். குறுக்குக் கட்டைகளை உளி வைத்துப் பெயர்த்தபோது, தன் பசை எவ்வளவு கெட்டி என்பது அவருக்கே தெரிந்தது. கட்டையோடு சேர்ந்து பழைய பலகையும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. வேறு வழியில்லாமல், விலாவுக்குப் புதிதாக மெல்லிய ஒட்டுப்பலகை வாங்கிப் போட்டார். மேலே கொண்டுபோய் மாட்டினார். பெட்டி ஆடியது.

அவள் கை வைத்துப் பார்த்தாள்.

"ஆடுது. நல்லாவே ஆடுது" என்றாள். "ஆனா பாட்டு இல்ல."

கூம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது விரலைக் குத்துவதோடு சரி என்று கையை எடுத்துவிட்டாள்.

"கொஞ்ச நாள் வெச்சுப் பாரு. பழகிடும்."

"எப்படிங்க பழகும்? அப்ப காது கூடவே இருந்து கைக்குச் சொல்லிக் குடுத்துச்சு. இது இன்னார் குரல், இது வயலின்னு. இப்ப சொல்லிக் குடுக்க யாரு இருக்கா?"

டொக்டொக்காரர் விடவில்லை. வேறு பலகை போட்டார், அதையும் இழைத்து மெலிதாக்கினார். இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடைகளில் ஏறி இறங்கி, அதே காலத்து ஒட்டுப்பலகை கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். டொக்டொக்காரர் இப்போது பெட்டியை ஆட வைக்கிறாராம் என்று தெருவில் சிரித்தார்கள். மரை கழன்றுவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாத்தியார் பெட்டி பட்டறை மூலையில் தூசி படிந்து கிடந்தது. சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். சட்டை தோளில் தொங்கியது.

ஒவ்வொரு தடவையும் அவள் முக்காலியில் உட்கார்ந்து கை வைப்பாள். கண்ணை மூடிப் பார்ப்பாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டுவாள், இல்லையென்று. அவர் மறுபடி பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்குவார். அவர் படியிறங்கும்போது அந்த முதுகையே அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் பகலில், எங்கேயோ அகப்பட்ட ஒரு பழைய பலகையைப் போட்டுப் பெட்டியை மேலே கொண்டுவந்து வைத்தார். மூச்சு வாங்கியது. பெட்டியின் பின்னால் குனிந்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒயரைத் தேடிப் பிடித்து, அதன் முனையைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்தாள்.

அவர் நிமிர்ந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் சிரிப்பு. தலை மெல்லத் தாளம் போட்டது.

"வந்துடுச்சுங்க" என்றாள்.

அவர் ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கண்ணைத் திறந்து அவர் உதட்டைப் பார்த்தாள், ஏதாவது கேட்பாரென்று. அவருக்கும் அந்தக் கேள்வியைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

"கைக்குத் தெரியுதா?"

"நல்லா தெரியுது. அதே பாட்டுதான். நம்ம பழைய பெட்டியேதான்" என்றாள். "இனிமே இதைக் கழட்டாதீங்க. நாளைக்கு வாத்தியார் பெட்டிய எடுத்துச் செய்யுங்க, பாவம், அவரும் எத்தனை தடவை வந்துட்டுப் போவாரு."

பெட்டியில் இன்னும் மாட்டாத ஒயர் அவர் கையில்தான் இருந்தது. உரித்த செம்புக் கம்பிகள் விரலைக் குத்தின. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.

அவள் ஒரு முழுப் பாட்டு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த பாட்டு போடுங்க" என்றாள்.

அவர் ஒயரை அவள் கண்ணில் படாமல் தரையில் வைத்தார். விளக்கு எரியாத ஆம்ப்ளிஃபயரிடம் போய், கேசட்டைத் திருப்பிப் போட்டு, குமிழைத் திருகினார். அவள் மறுபடியும் பெட்டியில் கையை வைத்தாள்.